ஒன்பது பேர், நான்கு படகு – பத்தாவது ஆள் வீட்டில்!

பத்து நண்பர்கள் சேர்ந்து படகுப் பயணம் கிளம்புகிறார்கள் என்று வையுங்கள். நாள் குறித்தாச்சு. லீவு சொல்லியாச்சு. சாப்பாட்டுக்குக் கணக்குப் போட்டாச்சு. கடைசியில் அனுமதிச் சீட்டு வாங்கப் போனால் அங்கே ஒரு இடி!

"ஒரு கோஷ்டிக்கு ஒன்பது பேர்தான். படகு நான்குதான்" என்கிறது காட்டிலாகா.

பத்தாவது ஆள்? வீட்டில் இருக்க வேண்டியதுதான்.

இந்தக் கண்டிப்பு நடப்பது அமெரிக்காவில், கனடா எல்லையை ஒட்டிய மினசோட்டா மாநிலத்தில். 'பவுண்டரி வாட்டர்ஸ்' என்று அந்தக் காட்டுக்குப் பெயர். பரப்பு பத்து லட்சம் ஏக்கருக்கு மேல். அதற்குள் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஏரிகள். துடுப்புப் போட்டுப் போகும் வழி மட்டும் சுமார் 1,900 கிலோமீட்டர். கூடாரம் அடிக்கக் குறித்துவிட்ட இடங்கள் 2,000-க்கு மேல்.

1964-ல் வந்த அமெரிக்க வனச் சட்டமும், 1978-ல் இந்தக் காட்டுக்கென்றே வந்த தனிச் சட்டமும் இதைக் காக்கின்றன. ஒருசில ஏரிகளைத் தவிர மற்றதில் மோட்டார் படகு கூடாது. துடுப்புத்தான் துணை. அதற்கு ஏற்றது 'கேனோ' என்ற ஒல்லிப் படகு.

"சரி, இரண்டு சீட்டாக வாங்கி உள்ளே போய்ச் சேர்ந்து கொள்ளலாமே?" என்று கேட்கிறவர்களும் உண்டு. அதுவும் பலிக்காது. தண்ணீரில், கரையில், நடைவழியில் எங்கேயும் ஒன்பது பேருக்கு மேல் ஒரே கோஷ்டியாகக் கூடக் கூடாது!

படகு உன்னைச் சுமக்கும். நீ படகைச் சுமப்பாய்

ஏரியில் போவது சுகம். ஆனால் ஒரு ஏரி முடிந்து அடுத்த ஏரி வரும் வரை நடுவே காட்டுத் தரை. அங்கே படகைத் தலைக்கு மேல் கவிழ்த்து, தோளில் தாங்கி நடக்க வேண்டும். மூட்டை முடிச்சுகளும் முதுகில். இந்த நடைவழிக்குப் 'போர்ட்டேஜ்' என்று பெயர். பெரும்பாலான வழிகளில் சக்கரம் வைத்துத் தள்ளவும் அனுமதி இல்லை.

இந்த வழிகளை அளப்பது 'ராடு' என்ற பழைய கணக்கில். ஒரு ராடு பதினாறரை அடி. 160 ராடு என்றால் அரை மைல். அதாவது 800 மீட்டர்.

எல்லாவற்றையும் ஒரே நடையில் தூக்கிவிட்டால் 800 மீட்டரோடு வேலை முடிந்தது. மூட்டை மிஞ்சிவிட்டால்? போய், திரும்பி வந்து, மறுபடி போக வேண்டும். 2.4 கிலோமீட்டர்! மூன்றாவது நடையும் வேண்டுமென்றால் 4 கிலோமீட்டர்! கல்லும் வேரும் சேறும் நிறைந்த வழி. மூக்கிலும் காதிலும் கொசு.

ஒரே ஒரு மூட்டை கூடிப் போனதற்கு இத்தனை தண்டனை. அதனால்தான் பழகியவர்கள், "பயணம் ஏரிக்கரையில் ஆரம்பிப்பதில்லை, வீட்டுக் கூடத்தில் ஆரம்பிக்கிறது" என்கிறார்கள்.

படகின் எடையே ஒரு கதை. 1944-ல் கிரம்மன் என்ற போர் விமானக் கம்பெனியின் அதிகாரி வில்லியம் ஹாஃப்மன், காட்டுப் பயணத்தில் கனமான கேனோவைச் சுமந்து நொந்து போனார். விமானம் செய்யும் அலுமினியத் தகட்டில் கேனோ செய்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. போர் முடிந்ததும் அந்தக் கம்பெனி அலுமினிய கேனோக்களைச் செய்து தள்ளியது. அதுவும் 30 கிலோவுக்கு மேல் இருக்கும். இப்போது குண்டு துளைக்காத சட்டைக்குப் பயன்படும் 'கெவ்லார்' நூலில் செய்கிறார்கள். எடை சுமார் 20 கிலோதான். ஆனால் பாறையில் தரதரவென்று இழுத்தால் போச்சு! தண்ணீரில் மிதக்கும்போதே சாமான் ஏற்ற வேண்டும், இறக்க வேண்டும்.

"தூக்கப் போறது யாரு?"

கிளம்புவதற்கு முதல் நாள் சாமான் முழுவதையும் தரையில் பரப்பி வைப்பது வழக்கம். அப்போதுதான் வேடிக்கை ஆரம்பம்.

"இது யாரு கோடாரி?"

"என்னுது."

"அதோ இன்னொண்ணு கிடக்கே?"

"அதுவும் என்னுதுதான். ஒண்ணுக்கு ரெண்டா இருக்கட்டுமேன்னு..."

"தூக்கப் போறது யாரு? நீயா, உங்க மாமனாரா?"

ஒரு கோடாரி திரும்ப வீட்டுக்குப் போகிறது!

கோஷ்டியாகப் போவதில் லாபமும் இதுதான், ஆபத்தும் இதுதான். ஒன்பது பேருக்கு ஒரு ரம்பம் போதும். அடுப்பு இரண்டு, பாத்திர செட் ஒன்று, கூடாரம் மூன்று போதும். ஆனால் பேசி வைக்காமல் போனால் ஒன்பது டார்ச் லைட் இருக்கும், ஒரு தீப்பெட்டி இருக்காது. "நீ எடுத்து வருவேன்னு நான் நினைச்சேன்" என்ற சண்டை நடுக்காட்டில் நடக்கும்.

இதற்கு மருந்து, ஒரு காகிதமும் பென்சிலும். ஒவ்வொரு சாமானுக்கு எதிரிலும் ஒரு ஆள் பெயர். பெயர் இல்லாத சாமான் வராது. யார் எந்தப் படகு என்பதும் அன்றே முடிவாக வேண்டும். மூன்று படகில் இருவர் இருவராக, நான்காவது படகில் மூவர். கணக்கு ஒன்பது!

உடுப்பில் பருத்தி வேண்டாம் என்கிறார்கள். ஜீன்ஸ் நனைந்தால் லேசில் காயாது, உடம்புச் சூட்டையும் உறிஞ்சிவிடும். கம்பளியோ சீக்கிரம் காயும் நைலான் வகையோதான் நல்லது. செருப்பு, ஷூ கணக்கு இரண்டே ஜோடி. ஒன்று தண்ணீரில் இறங்க, மற்றது கூடாரத்தில் போட. மாற்று உடையும் படுக்கையும் தண்ணீர் புகாத பைக்குள் இருக்க வேண்டும்.

ஊறுகாய் பாட்டிலுக்கும் தடை

சாப்பாட்டு மூட்டையிலும் சட்டம் நுழைகிறது. உணவோ பானமோ தகர டப்பாவிலும் கண்ணாடி பாட்டிலிலும் கொண்டு போகக் கூடாது. ஜாம், ஊறுகாய் எதுவானாலும் மறுபடி பயன்படுத்தும் பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றியாக வேண்டும். மருந்து, அடுப்பு எரிபொருள் போன்ற உணவல்லாத பொருள்களுக்கு விலக்கு உண்டு.

ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு முக்கால் கிலோ உலர் உணவு என்றால், ஒன்பது பேருக்கு ஐந்து நாளைக்கு 34 கிலோ! தண்ணீர் சேர்த்தால் உப்பும் சரக்குத்தான் இங்கே ராஜா. மினியாபொலிஸ் நகரில் குடியிருக்கும் நம்மூர்க் குடும்பங்களுக்கு இது கஷ்டமே இல்லை. ரவை, அவல், பருப்புப் பொடி எல்லாம் கனமில்லாத சரக்கு.

உணவை ஒரே படகில் ஏற்றுவது தப்பு. அந்தப் படகு கவிழ்ந்தால் ஒன்பது பேரும் பட்டினி. பிரித்து ஏற்ற வேண்டும்.

இன்னொரு விருந்தாளியும் உண்டு. கருங்கரடி! அதற்கு மோப்ப சக்தி அபாரம். அதனால் சாப்பாடு மட்டுமல்ல, பற்பசை, சோப்பு கூடக் கூடாரத்துக்குள் கூடாது. கரடி திறக்க முடியாத டப்பா வேண்டும். இல்லாவிட்டால் கயிறு கட்டி, தரையிலிருந்து 12 அடி உயரத்தில், மரத்தை விட்டு 6 அடி தள்ளித் தொங்கவிட வேண்டும். ஆக, நீளக் கயிறும் பட்டியலில் சேர வேண்டும்.

ஏரித் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். அப்படியே குடித்தால் வயிற்றுப்போக்குக் கிருமி வரலாம். ஒரு நிமிடம் தளதளவென்று கொதிக்க விட வேண்டும், அல்லது வடிகட்டி வேண்டும்.

விட்டுப் போகக் கூடாதது

கனம் குறைக்கிறேன் என்று சிலர் கைவைக்கக் கூடாததில் கைவைத்துவிடுகிறார்கள். அங்கேதான் உயிருக்கே ஆபத்து.

2024 மே மாதம். கனடா எல்லையில் கர்ட்டன் அருவி என்ற இடம். இரண்டு கேனோக்கள் நீரோட்டத்தில் சிக்கி அருவியில் விழுந்தன. இரண்டு பேர் உயிர் போயிற்று. கோடை விடுமுறை இன்னும் ஆரம்பிக்கவில்லை. ஏரிகளில் பனிக்கட்டி உருகிச் சில வாரங்களே ஆன சமயம்.

அந்த மாதத் தண்ணீர் அப்படி. விழுந்தவர் நீச்சல் வீரராகவே இருக்கட்டும், சில நிமிடங்களில் கையும் காலும் மரத்துப் போகும். அப்புறம் மிதக்க வைப்பது உயிர்காப்புச் சட்டை ஒன்றுதான். படகில் ஆளுக்கு ஒன்று இருக்க வேண்டும் என்பது மினசோட்டா சட்டம். பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் போட்டே ஆக வேண்டும். ஆனால் மூட்டைக்கு அடியில் கிடக்கும் சட்டை யாரைக் காப்பாற்றும்? பெரியவர்களும் மாட்டிக் கொண்டு, பட்டையை இறுக்கிவிட்டுத்தான் துடுப்பைத் தொட வேண்டும்.

அடுத்தது வரைபடம். இந்தக் காட்டில் நடைவழிக்கோ கூடார இடத்துக்கோ பெயர்ப் பலகை கிடையாது. செல்போனும் பெரும்பாலான இடத்தில் எடுக்காது. அருவி எங்கே, அதற்கு முன்னால் எங்கே கரையேற வேண்டும் என்பதைச் சொல்வது தண்ணீரில் நனையாத வரைபடமும் திசைகாட்டியும்தான். அது ஒரே ஒருவர் பையில் இருந்தால் போதாது. படகுக்கு ஒன்று வேண்டும். முன்னே போகும் படகு வளைவில் மறைந்துவிட்டால், பின்னே வருபவனுக்கு வழி சொல்ல யார் இருக்கிறார்கள்?

மருந்துப் பெட்டி, நனையாத தீக்குச்சி, விசில், ஒவ்வொரு படகுக்கும் மாற்றுத் துடுப்பு. இவற்றிலும் கஞ்சத்தனம் கூடாது. செயற்கைக்கோள் மூலம் உதவி கேட்கும் சின்னக் கருவி ஒன்று கோஷ்டிக்கு இருந்தால் நல்லது.

பத்தாவது ஆளுக்கு வேலை

எல்லாம் கட்டியாச்சு. காரில் ஏற்றியாச்சு. இன்னும் ஒரே ஒரு சாமான் பாக்கி. அதைக் கொண்டு போகக் கூடாது, வீட்டில் விட்டுப் போக வேண்டும்.

அது ஒரு காகிதம். யார் யார் போகிறார்கள், எந்த வாசல் வழியாக உள்ளே நுழைகிறார்கள், எந்தெந்த ஏரி, கார் நம்பர் என்ன, என்றைக்குத் திரும்புகிறார்கள், எத்தனை மணிக்குள் வரவில்லை என்றால் போலீசுக்குப் போன் செய்ய வேண்டும் என்று எழுதியது.

காற்று பலமாக அடித்தால் ஏரியைக் கடக்காமல் ஒரு நாள் கரையிலேயே காத்திருக்க வேண்டி வரும். அதற்காக எல்லாரையும் பதற வைக்கக் கூடாது. அதே சமயம், நிஜமாகவே ஒரு படகு கவிழ்ந்து கால் ஒடிந்து கிடந்தால், ஆயிரம் ஏரிகளில் எந்த ஏரியில் தேடுவது? அந்தக் காகிதம்தான் பதில் சொல்லும்.

அதை பத்திரமாக வைத்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். போன் பக்கத்திலேயே இருக்க வேண்டும். சொன்ன நேரத்தை மறக்காதவராக இருக்க வேண்டும்.

படகில் இடம் கிடைக்கவில்லையே என்று முகம் சுளித்தாரே, அந்தப் பத்தாவது நண்பர்! அவர் கையில்தான் மற்ற ஒன்பது பேரின் உயிரும்.