ஐந்தரை மணி பலூன்

பெருமழை கொட்டும் நாட்களில் டெலானிபூருக்கு மேலே வெண்பனியும் பெய்கிறது. அந்தமானில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். டிசம்பர் அதிகாலையில்கூட 20 டிகிரிக்குக் கீழே அனேகமாக இறங்காத ஊர் அது. போர்ட் பிளேயரின் ஒரு பேட்டை. போர்ட் பிளேயர் 2024 செப்டம்பருக்குப் பிறகு அரசுக் காகிதங்களில் ஸ்ரீ விஜயபுரம். ஆனால் அங்கிருந்து நேரே மேலே 5 கிலோமீட்டர் போனால் வெப்பநிலை பூஜ்ஜியம். அதற்கு மேல் திரண்டு நிற்கும் மழைமேகத்துக்குள் இருப்பது பெரும்பாலும் பனிப்படிகம்தான். அது வெண்பனியாகச் சரிந்து விழுந்து, பூஜ்ஜியக் கோட்டைத் தாண்டியதும் உருகி, மிச்சத் தூரத்தை மழைத்துளியாகக் கடந்து டெலானிபூரின் தகரக் கூரைகளில் தடதடக்கிறது.

இன்னும் மேலே போனால் குளிர் கூடிக்கொண்டே இருக்கும். 16, 17 கிலோமீட்டர் உயரத்தில் மைனஸ் 80 டிகிரி. வெயில் கொளுத்தும் வெப்பமண்டலத்தின் உச்சியில் இருக்கும் குளிர், அதே உயரத்தில் துருவப் பகுதியின் மேலேகூடப் பொதுவாக இருப்பதில்லை. வெப்பக்காற்று இங்கேதான் மிக உயரம்வரை எழுகிறது, எழ எழ விரிந்து குளிர்கிறது.

இதை அளந்து சொல்ல மேலே ஆளை அனுப்ப முடியாது. பலூனை அனுப்புகிறார்கள். கருவியின் பெயர் ரேடியோசோண்டு. இந்திய வானிலைத் துறைக்கு நாடெங்கும் ஐம்பதுக்கும் மேற்பட்ட ரேடியோசோண்டு நிலையங்கள் உண்டு. போர்ட் பிளேயர் அவற்றில் ஒன்று. உலகப் பட்டியலில் அதன் எண் 43333. மறக்கவே முடியாத எண்.

கிட்டப்போய்ப் பார்த்தால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். ராக்கெட் ஏவும் ஆர்ப்பாட்டம் ஒன்றும் கிடையாது. ஒரு கொட்டகை, எரிவாயு உருளை, வெள்ளை லேட்டக்ஸ் பலூன். நம் நாட்டில் பெரும்பாலும் ஹைட்ரஜன்தான் அடைக்கிறார்கள், ஆகவே தீப்பெட்டிக்கு அந்தப் பக்கம் வேலையில்லை. பலூனை விறைக்க ஊதக் கூடாது. தரையில் ஒன்றரை, இரண்டு மீட்டர் அகலத்துக்குத் தளர்வாக இருந்தால் போதும். மேலே போகப் போக வெளியழுத்தம் குறைந்து, 30 கிலோமீட்டரைத் தாண்டும்போது அது ஆறேழு மீட்டருக்குத் தானாகவே உப்பிவிடும். அதன் கழுத்தில் ஒரு சிறு பாராசூட், அதற்குக் கீழே 30 மீட்டர் போல நூல், நூலின் நுனியில் கையில் அடங்கும் வெள்ளைப் பெட்டி. பெட்டியிலிருந்து வெள்ளி நிறத்தில் ஒரு மெல்லிய கொம்பு நீட்டிக்கொண்டிருக்கும். வெப்பத்தை உணரும் கம்பியும் ஈரப்பதத்தை உணரும் படலமும் அதன் நுனியில் இருக்கின்றன. வெள்ளிப் பூச்சு வெயிலைத் திருப்பிவிட. நூல் அத்தனை நீளம் ஏன் என்றால், பலூனைச் சுற்றியுள்ள காற்று பலூனாலேயே சூடாகியோ குளிர்ந்தோ இருக்கும். அதைக் கருவி அளந்துவிடக் கூடாது.

விட்டதும் விநாடிக்கு ஏறக்குறைய 5 மீட்டர் வேகத்தில் ஏறுகிறது. ஒவ்வொரு விநாடியும் வெப்பநிலை, ஈரப்பதம், அழுத்தம், தான் இருக்கும் இடம் ஆகியவற்றை ரேடியோ அலையில் கீழே சொல்லிக்கொண்டே போகிறது. அதாவது தரையிலிருந்து வானம்வரை ஐந்து மீட்டருக்கு ஒரு அளவு. காற்றை அளக்கத் தனிக் கருவி வேண்டியதில்லை, பலூன் எந்தப் பக்கம் எவ்வளவு வேகமாக அடித்துச் செல்லப்படுகிறதோ அதுதான் காற்று. ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் ஏறிய பிறகு பலூன் வெடிக்கும், பெட்டி பாராசூட்டில் இறங்கும். போர்ட் பிளேயர் பெட்டிகளுக்குக் கடல்தான் கதி. தமிழ்நாட்டில் சில சமயம் வயலில் விழுந்து, ‘மர்மப் பொருள்’ என்று ஊரே கூடி, போலீசுக்குப் போன் போய், மறுநாள் பத்திரிகையில் படமும் வந்துவிடும். தெர்மோகோல் பெட்டியும் பேட்டரியும்தான், பயப்பட ஒன்றுமில்லை.

ரேடியோ வருவதற்கு முன்பு இந்தப் பெட்டி கிடைத்தால்தான் அளவு கிடைக்கும். கண்டெடுத்துத் தருபவருக்குப் பரிசு என்று சீட்டு ஒட்டி அனுப்பினார்கள். அப்படி விட்ட பலூன்களைக் கொண்டே தெஸ்ஸெரெங் து போர் என்ற பிரெஞ்சுக்காரர் 1902இல் ஸ்ட்ராடோஸ்பியர் என்ற மேலடுக்கை அறிவித்தார். வானத்திலிருந்தே பேசும் பெட்டியை 1929 ஜனவரி 7 அன்று ராபர்ட் புய்ரோ அனுப்பினார், அதுவும் பிரான்சில்தான். இந்தியாவில் கருவிகளை நாமே செய்துகொள்ள வேண்டும் என்று நின்றவர்களில் அன்னா மணி முக்கியமானவர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1948இல் புனே வானிலை அலுவலகத்தில் சேர்ந்தவர். ஓசோனை அளக்கும் பலூன் கருவியைப் பின்னாளில் இங்கேயே உருவாக்கியவரும் அவரே.

பலூனை இஷ்டப்பட்ட நேரத்தில் விடுவதில்லை. உலகத்துக்கெல்லாம் பொதுவான இரண்டு நேரங்கள் இருக்கின்றன. நம் கணக்கில் காலை ஐந்தரை, மாலை ஐந்தரை. அந்த நேரத்துக்குள் பலூன் நல்ல உயரம் போயிருக்க வேண்டும் என்பதால் சற்று முன்னதாகவே விட்டுவிடுவார்கள். அந்தமானில் சூரியன் சீக்கிரம் எழுந்து சீக்கிரம் படுப்பவன். டிசம்பரில் மாலைப் பலூன் போகும் நேரத்துக்கு இருட்டத் தொடங்கிவிடும். டெலானிபூரில் காலை ஐந்தரை என்றால் அமெரிக்காவின் டெக்சாஸில் முந்தின நாள் மாலை ஆறு. அங்கே ஃபோர்ட் வொர்த்திலும், மிசிசிப்பியின் ஜாக்சனிலும், அட்லாண்டாவை ஒட்டிய பீச்ட்ரீ சிட்டியிலும் இதே மாதிரிப் பெட்டிகள் அதே நேரத்தில் ஏறிக்கொண்டிருக்கும்.

நம்மூர்ப் பிள்ளைகள் டாலஸ், ஹூஸ்டன், அட்லாண்டா என்று போய்க் குடியேறிய பிறகு, அங்கே வரும் பனிப்புயல் நம் வாட்ஸ்அப்புக்கும் வந்துவிடுகிறது. வடக்கே பாஸ்டனில் ஒரு அடி வெண்பனி விழுந்தாலும் அள்ளித் தள்ளிவிட்டு வேலைக்குப் போகிறார்கள். அட்லாண்டாவில் 2014 ஜனவரி 28 அன்று விழுந்தது இரண்டரை அங்குலம்தான். நெடுஞ்சாலையில் கார்களிலேயே ஆயிரக்கணக்கானவர்கள் இரவைக் கழித்தார்கள், குழந்தைகள் பள்ளியிலேயே தூங்கினார்கள். பழக்கமில்லாத ஊர், பனி வாரும் வண்டிகள் குறைவு. ஆனால் தெற்கின் உண்மையான பயம் வெண்பனி அல்ல, உறைமழை.

உறைமழை என்பது பார்வைக்குச் சாதாரண மழை. விழுந்த இடத்தில் கண்ணாடியாக இறுகிவிடும். மரக்கிளை, மின்கம்பி, படிக்கட்டு எல்லாவற்றிலும். கால் அங்குலம் படிந்தாலே எச்சரிக்கை விடுகிறார்கள், அரை அங்குலம் படிந்தால் கம்பத்துக்குக் கம்பம் உள்ள கம்பியில் இருநூறு கிலோவுக்கும் மேல் பாரம் ஏறலாம். 1994 பிப்ரவரியில் மிசிசிப்பி டெல்டாவை ஒடித்துப் போட்டது இதுதான். 2021 பிப்ரவரியில் டெக்சாஸில் கடுங்குளிரும் பனியும் சேர்ந்து 40 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்கு மின்சாரம் போனது; மாநில அரசின் கணக்கில் இறந்தவர்கள் 246 பேர்.

ஒரே மேகத்திலிருந்து ஓர் ஊரில் வெண்பனி, அடுத்த ஊரில் உறைமழை, அதற்கடுத்த ஊரில் வெறும் மழை எப்படி? விடை தரையிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் இருக்கிறது. வடக்கிலிருந்து வரும் துருவக் காற்று கனமானது, தரையோடு தவழ்ந்து வரும். மெக்சிகோ வளைகுடாவிலிருந்து வரும் ஈரக்காற்று சூடானது, இலேசானது. குளிர்காற்றின் முதுகில் ஏறிவிடும். ஆக, மேலே குளிர், நடுவில் சூடு, அடியில் மறுபடி குளிர். உச்சியிலிருந்து விழும் வெண்பனி நடு அடுக்கில் உருகுகிறது. அடியில் உள்ள குளிர் அடுக்கு தடிமனாக இருந்தால் துளி மறுபடி இறுகிச் சிறு பனிக்குருணையாகத் தரையில் துள்ளும். அடுக்கு மெலிந்திருந்தால் இறுக அவகாசமில்லை. பூஜ்ஜியத்துக்குக் கீழே குளிர்ந்தும் நீராகவே வந்து, தொட்ட இடத்தில் உறைகிறது. நடு அடுக்கே இல்லாவிட்டால் வெண்பனி, அடியில் குளிர் அடுக்கே இல்லாவிட்டால் வெறும் மழை. ஒரு டிகிரி, இருநூறு முந்நூறு மீட்டர் தடிமன் — இந்த வித்தியாசத்தில் ஒரு நகரத்தின் மூன்று நாள் தலையெழுத்து மாறிவிடுகிறது. செயற்கைக்கோளும் மேலிருந்தபடி வெப்பநிலையைக் கணிக்கிறது. ஆனால் இத்தனை மெல்லிய அடுக்கைத் தனியே பிரித்துக் காட்டுவதில், அதற்குள் புகுந்து வெளியே வந்த பெட்டியை அது இன்னும் மிஞ்சவில்லை.

டெலானிபூரின் குளிர்காலப் புயல் வேறு சாதி. அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை அந்தமான் கடலில் பிறந்து வளர்வது. இங்கேயும் ரகசியம் உயரத்து வெப்பநிலையில்தான் இருக்கிறது. டெக்சாஸ் புயலுக்கு நடுவில் ஒரு சூடான அடுக்கு என்றால், நம் புயலுக்கு நடுவில் ஒரு சூடான தூண். கடலிலிருந்து எழும் நீராவி மேலே குளிர்ந்து துளியாகும்போது தன்னிடமுள்ள வெப்பத்தை விட்டுவிடுகிறது. வலுத்த புயலின் மையத்தில், எட்டுப் பத்து கிலோமீட்டர் உயரத்தில், சுற்றுப்புறத்தைவிடப் பத்து டிகிரிகூடச் சூடு அதிகம் இருக்கும். சூடான காற்று இலேசு, ஆகவே கீழே அழுத்தம் குறைகிறது, சுற்றிலும் உள்ள காற்று பாய்கிறது.

இந்தக் கடலில் ஒரு புயலின் வழியைக் கண்டுபிடிக்க முதலில் மெனக்கெட்டவர்களில் ஒருவர் கல்கத்தாவில் இருந்த ஹென்றி பிடிங்டன். 1844 நவம்பரில் ‘பிரிட்டன்’, ‘ரன்னிமீட்’ என்ற, படைவீரர்களை ஏற்றிவந்த இரண்டு கப்பல்கள், ஒன்று சிட்னியிலிருந்தும் மற்றது இங்கிலாந்திலிருந்தும் கல்கத்தாவுக்குப் போகும் வழியில், ஒரே புயலில் சிக்கி, ஒரே இரவில், ஜான் லாரன்ஸ் தீவின் ஒரே கரையில் தூக்கி எறியப்பட்டன. விடிந்த பிறகுதான் ஒன்றை ஒன்று பார்த்தன. கப்பல்களின் குறிப்பேடுகளை வாங்கி, மணிக்கு மணி காற்றின் திசையையும் காற்றழுத்தமானியின் வீழ்ச்சியையும் வரிசைப்படுத்தி, புயல் வந்த தடத்தைப் பிடிங்டன் வரைந்தார். நல்ல வேலைதான். ஆனால் எல்லாம் முடிந்த பிறகு.

முன்கூட்டியே சொல்ல மேல்காற்று தெரிய வேண்டும். ஆற்று நீர் தன் சுழியை இழுத்துக்கொண்டு ஓடுவதுபோல, பல கிலோமீட்டர் தடிமனுள்ள காற்றோட்டம் புயலைச் சுமந்து போகிறது. சென்னை, காரைக்கால் ரேடார்கள் நானூறு ஐந்நூறு கிலோமீட்டர்வரைதான் பார்க்கும். போர்ட் பிளேயரோ சென்னையிலிருந்து சுமார் 1,370 கிலோமீட்டர். வங்கக் கடலின் கிழக்கு விளிம்பில் காற்றை அடுக்கடுக்காக நேரில் அளப்பது 43333இன் பலூன். தொலைக்காட்சியில் வெள்ளைச் சக்கரம் சுழலுவதைக் காட்டி மைக்கைப் பிடித்துக் கத்துகிறார்களே, அந்தப் படம் புயல் எங்கே இருக்கிறது என்று சொல்லும். எங்கே போகும் என்று சொல்ல அதற்கு வாய் கிடையாது.

2016 டிசம்பர் முதல் வாரத்தில் வர்தா புயல் உருவானபோது போர்ட் பிளேயரின் ஃபீனிக்ஸ் பே ஜெட்டியிலிருந்து போட் எல்லாம் நின்றுபோய், ஹேவ்லாக், நீல் தீவுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் மாட்டிக்கொண்டார்கள். கடற்படைக் கப்பல்கள் போய் மீட்டன. தீவுக்காரர்களுக்கு அதோடு முடிந்தது. புயல் மேற்கே திரும்பி, டிசம்பர் 12 அன்று சென்னையின் மரங்களைச் சாய்த்தது. அந்தமானில் போட் ரத்து என்றால் ஒரு வாரத்தில் நமக்கு வேலை இருக்கிறது என்று சென்னைக்காரர்கள் எண்ணிக்கொள்வது நியாயம்தான், எப்போதும் பலிப்பதில்லை என்றாலும்.

பலிக்காததற்கு லெஹர் புயல் உதாரணம். 2013 நவம்பர் 25 அதிகாலை போர்ட் பிளேயர் அருகே தீவுகளைக் கடந்து, வங்கக் கடலில் மிகத் தீவிரப் புயலாக வலுத்தது. முந்தின வாரம்தான் ஹெலன் புயல் அடித்திருந்ததால் ஆந்திரக் கரை நடுங்கியது. ஆனால் 28ஆம் தேதி மசூலிப்பட்டினம் அருகே கரை ஏறியது வெறும் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். நடுவழியில் வறண்ட காற்று உள்ளே புகுந்துவிட்டது. கீழே ஒரு திசை, மேலே வேறு திசை என்று காற்று இழுத்ததில் சூடான தூண் சாய்ந்து, தலை வேறு உடல் வேறாகிவிட்டது. வறட்சி எந்த உயரத்தில் இருக்கிறது, காற்று எந்த உயரத்தில் திசை மாறுகிறது என்பவைதான் பலூன் அளவுகளில் முதலில் கண்ணில் படுபவை.

செலவு செய்து அனுப்பும் பெட்டி திரும்பி வராது என்பதால், சிக்கனம் பேசும் அதிகாரிகளின் கண் முதலில் இதன் மேல்தான் விழும். 2025இல் அமெரிக்க வானிலைத் துறையில் ஆட்குறைப்பு நடந்தபோது அலாஸ்காவின் கோட்செபூ, நெப்ராஸ்காவின் ஒமாஹா போன்ற நிலையங்களில் பலூன் விடுவதையே நிறுத்தினார்கள். ஒமாஹாவின் வானம் ஒமாஹாவோடு முடிவதில்லை, அங்கே அளக்காமல் விட்ட குளிர் இரண்டு நாளில் டெக்சாஸுக்கு வந்து சேரும்.

இந்த அளவுகள் எதுவும் பூட்டி வைத்த ரகசியம் அல்ல. அமெரிக்காவின் வயோமிங் பல்கலைக்கழகம் உலகத்துப் பலூன் அளவுகளை எல்லாம் இணையத்தில் இலவசமாகப் போடுகிறது. 43333 என்று கொடுத்தால் டெலானிபூருக்கு மேலுள்ள வானம் ஒரு வரைபடமாக வந்து நிற்கும். இரண்டு கோடுகள்: வலப்பக்கம் வெப்பநிலை, இடப்பக்கம் ஈரம். இரண்டும் ஒட்டிக்கொண்டு ஏறினால் காற்று நீரால் நிறைந்திருக்கிறது, மழைக்கான அடையாளம். ஈரக்கோடு சட்டென இடப்பக்கம் விலகி ஓடினால் லெஹரைக் கொன்றது மாதிரி வறண்ட அடுக்கு. வெப்பக்கோடு பூஜ்ஜியத்தைத் தொடும் உயரம் எந்த நாளும் 5 கிலோமீட்டரை ஒட்டியே இருப்பதையும் பார்க்கலாம்.

ஜனவரியில் டாலஸிலிருந்து அக்கா போன் செய்து, “ஐஸ் மழை வருதுங்கறாங்க, என்னன்னு தெரியல” என்றால், 72249 என்ற ஃபோர்ட் வொர்த்தின் எண்ணைக் கொடுத்துப் பாருங்கள். தரையில் பூஜ்ஜியத்துக்குக் கீழே தொடங்கும் கோடு, முதல் மூன்று கிலோமீட்டருக்குள் வலப்பக்கம் மூக்கு நீட்டிப் பூஜ்ஜியத்தைத் தாண்டிவிட்டு மறுபடி உள்வாங்கியிருந்தால், இரவில் வண்டி எடுக்க வேண்டாம் என்றும் செல்போனை இப்போதே சார்ஜில் போடும்படியும் அக்காவிடம் தைரியமாகச் சொல்லலாம்.