குமர்ப்பிள்ளைக்கு மாதவிடாய் தவறும்போது



பதினேழு வயதுக் குமர். மூன்று நான்கு மாதமாக மாதவிடாய் இல்லை. நாடியில் ரோமம், முகத்தில் பரு, பிடரி கறுத்துத் தடித்திருக்கிறது. நம் வன்னியில் இதற்கு உம்மாமார் சொல்லும் வைத்தியம் "கலியாணம் முடித்தால் சரியாகிவிடும்" என்பதுதான். முடித்து வைக்கிறோம். சில வருடம் பிள்ளை இல்லாவிட்டால் அவளையே "மலடி" என்கிறோம். மகனுக்கு இரண்டாம் தாரம் தேடும் மாமிக்கு, மகனின் விந்தையும் பரிசோதிக்க வேண்டும் என்ற நினைவு மட்டும் வருவதில்லை!

இந்த நோயை ஆராய்வதில் தம் காலத்தைச் செலவிட்டவர் பேராசிரியை சந்திரிகா விஜயரத்ன. அவர் ஓமோன் நோய்களில் நிபுணர். கொழும்பு மருத்துவ பீடத்தின் மகப்பேற்று, பெண்நோயியல் துறையில் இனவிருத்தி மருத்துவப் பேராசிரியையானார். 2020இல் கொழும்புப் பல்கலைக்கழக உபவேந்தராகவும் இருந்தார்.

பதவியைவிட அவர் கண்டறிந்ததுதான் நமக்கு முக்கியம். இங்கிலாந்தின் லீட்ஸ் நகர வைத்தியர்களோடு சேர்ந்து அவர் 2002இல் வெளியிட்ட ஆய்வில், தெற்காசியப் பெண்களுக்கு இந்நோய் வெள்ளைக்காரப் பெண்களைவிட இளவயதிலேயே, கடுமையாக வெளிப்படுவது தெரிந்தது. அவர் பங்குகொண்ட 2008ஆம் ஆண்டு ஆய்வு, கம்பஹா மாவட்டத்தில் 15 முதல் 39 வயதுவரையான பெண்களில் நூற்றுக்கு 6.3 பேருக்கு இது இருப்பதாகக் கண்டது. அப்படியானால் ஒரு பெரிய வகுப்பறையில் இரண்டு பிள்ளைகளுக்காவது இருக்கலாம்.

"சூலகத்தில் நீர்க்கட்டி" என்றதும் பயந்துவிடாதீர்கள். அவை வளராமல் நின்றுபோன சிறு முட்டைப் பைகள். உடலில் இன்சுலின் மிகும்போது சூலகம் ஆண் ஓமோனைக் கூடுதலாகச் சுரக்கிறது. அதனால் முட்டை வெளிவருவது தடைப்படுகிறது, ரோமமும் வளர்கிறது. கவனியாது விட்டால் பிற்காலத்தில் நீரிழிவு வரலாம்.

தாயத்தும் நூலும் இதற்கு மருந்தல்ல. உடல் பருத்த பிள்ளை நிறையில் நூற்றுக்கு ஐந்து பங்கைக் குறைத்தாலே பலருக்கு மாதவிடாய் சீராகிறது. மூன்று வேளைச் சோறு, சீனி அள்ளிப்போட்ட பிளேன்ரீ, நாள் முழுக்க வீட்டுக்குள் இருப்பு என்றால் எப்படிக் குறையும்? முற்றத்தில் அரை மணிநேரம் நடக்க யாரிடமும் ஃபத்வா கேட்கத் தேவையில்லை.

பெரிய பிள்ளையான முதல் ஓரிரு வருடம் மாதவிடாய் முன்பின்னாக வருவது இயல்பு. அதன் பிறகும் தவறினால் உங்கள் பகுதி மருத்துவமாதுவிடம் சொல்லுங்கள், வைத்தியசாலைக்கு வழிகாட்டுவார். மாதவிடாய் வந்த திகதிகளை ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு போங்கள். வைத்தியர் முதலில் கேட்பது அதைத்தான்.