பிரேக் கீச்சிட்டால்

காலை வேளையில் வண்டியை வெளியே எடுத்துத் தெருமுனையில் பிரேக்கை மிதித்ததும் ‘கிறீச்’ என்றோர் ஒலி காதைத் துளைக்கிறது. தெருவில் நடப்போர் திரும்பிப் பார்க்கின்றனர். பின்னிருக்கையில் அமர்ந்துள்ள குழந்தைகள் சிரிக்கின்றனர். அப்போது வண்டியோட்டுபவர் செய்வது பெரும்பாலும் இரண்டில் ஒன்று. பிரேக் அறவே கெட்டுவிட்டது என்று அஞ்சி, பட்டறைக்காரர் கேட்ட தொகையைக் கொடுத்துவிடுவார். அல்லது வண்டியிலுள்ள வானொலியின் ஒலியைச் சற்றே உயர்த்திவிட்டு, கேளாதவர் போல் ஓட்டிச் செல்வார். வானொலிக்கு இவ்வகையில் கிடைக்கும் ஆதரவை நாம் வரவேற்பதற்கில்லை. பிரேக் எழுப்பும் ஒலிகளுள் பொருட்படுத்த வேண்டாதவை சில. அன்றே கவனிக்க வேண்டியவை சில. அவற்றைப் பிரித்தறிவதற்கு இயந்திர நூல் கற்றிருக்க வேண்டியதில்லை. ஒலி எப்போது எழுகிறது, எப்போது நிற்கிறது என்பதைச் செவி கொடுத்துக் கேட்டாலே பாதி வேலை முடிந்தது.

நம் நாட்டில் ஓடும் குடும்பக் கார்கள் மிகப் பலவற்றில் முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்கும் பின் சக்கரங்களுக்கு டிரம் பிரேக்கும் அமைந்துள்ளன. டிஸ்க் என்பது சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் வார்ப்பிரும்புத் தட்டு. பிரேக்கை மிதிக்கும்போது, காலிப்பர் என்னும் கவ்வி அத்தட்டை இருபுறமும் இரண்டு கட்டைகளால் இறுகப் பற்றுகிறது. கடையில் ‘பிரேக் பேட்’ என்று கேட்டு வாங்க வேண்டிய இவற்றை இங்கே கட்டைகள் என்றே சொல்வோம். கட்டையின் முதுகு எஃகுத் தகடு. அதன்மேல் ஒட்டியுள்ள உராய்வுப் பொருளே டிஸ்க்கில் பட்டுத் தேய்வது. இவ்வாறு பற்றும்போது கட்டை எப்போதும் ஒரே சீராக வழுக்குவதில்லை. சில வேளை நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை பற்றியும் வழுக்கியும் துடிக்கிறது. வயலின் தந்தியின்மேல் வில் செய்வதும் ஏறக்குறைய இதுவே. அத்துடிப்பு டிஸ்க்கின் இயல்பான அதிர்வோடு இணங்கிவிட்டால், தட்டு முழுவதும் மணி போல் ஒலிக்கிறது. ஆகவே நன்றாகப் பிடிக்கும் பிரேக்கும் கீச்சிடக்கூடும். இது நம் காலத்துக் குறையுமன்று. இங்கிலாந்தில் பிரெடரிக் லான்செஸ்டர் 1902-இல் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். உலோகத்தோடு உலோகம் உராய்ந்த அந்த அமைப்பில் இரைச்சலே பெருங்குறையாக இருந்தது.

முதலில் அச்சம் வேண்டாத ஒலியைப் பார்ப்போம். மும்பையிலும் கொல்கத்தாவிலும் மழைக்காலத்தில் இரவு முழுதும் வெளியே நின்ற வண்டியின் டிஸ்க்கில், விடிவதற்குள் மெல்லிய துருப் படலம் படிந்துவிடும். வண்டியைக் கழுவி நிறுத்தினாலும் அப்படியே. மறுநாள் முதல் நான்கைந்து முறை மிதிக்கையில் கரகரப்பும் கீச்சொலியும் கேட்கும். படலம் தேய்ந்ததும் ஓசை அடங்கிவிடும். இதற்காகச் செலவு செய்யச் சொல்லும் பட்டறைக்காரரிடம் வணக்கம் சொல்லி விடைபெறலாம்.

இதற்கு நேர்மாறானது ஒன்று உண்டு. உராய்வுப் பொருள் புதிதாக இருக்கையில் ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் கனமிருக்கும். அது தேய்ந்து 2 அல்லது 3 மில்லிமீட்டராகக் குறையும்போது, கட்டையில் பொருத்தியுள்ள ஒரு சிறு எஃகு நாக்கு டிஸ்க்கைத் தொடும்படி பல வண்டிகளில் அமைத்திருக்கிறார்கள். அந்நாக்கு எழுப்புவது மெல்லிய, உயர்ந்த, விடாத ஒலி. பிரேக்கை மிதிக்காமல் ஓடிக்கொண்டிருக்கும்போதும் அது கேட்கும். மிதித்தால் சில வண்டிகளில் நின்றும் விடும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். மிதித்தால் ஓசை நிற்கிறதே, ஆகவே பிரேக்கில் பழுதில்லை என்று எண்ணிவிடுகிறார்கள்.

நாங்களும் அவ்வாறு எண்ணியவர்களே. சில ஆண்டுகளுக்கு முன் உறவினர் இல்லத் திருமணத்திற்காகப் புனேயிலிருந்து தமிழ்நாட்டுக்குக் காரிலேயே புறப்பட்டோம். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே அம்மெல்லொலி கேட்கத் தொடங்கியிருந்தது. ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம். கம்பாட்கி மலைப்பாதையில் இறங்கும்போது கீச்சொலி மறைந்து, இரும்பை இரும்பால் அறுப்பது போன்ற உறுமல் எழுந்தது. மிதியடியில் கால் நடுங்கிற்று. கராட் நகருக்குள் மெல்ல ஊர்ந்து சென்று சக்கரத்தைக் கழற்றச் செய்தோம். வெளிப்பக்கத்துக் கட்டை பாதியே தேய்ந்திருந்தது. உட்பக்கத்துக் கட்டையில் உராய்வுப் பொருள் என்பதே இல்லை. வெறும் எஃகுத் தகடு டிஸ்க்கை உழுது பள்ளமாக்கியிருந்தது. கட்டைகளை மட்டும் மாற்றியிருந்தால் தீர்ந்திருக்க வேண்டிய செலவு, டிஸ்க்குகளையும் மாற்றும் அளவுக்கு வளர்ந்தது. அவை மறுநாள்தான் கிடைத்தன. முகூர்த்தம் முடிந்து, பந்தி பரிமாறும் வேளையில் போய்ச் சேர்ந்தோம். மலைச்சரிவில் பிரேக் பிடித்ததே, அதுவரை பாக்கியம் என்று பெரியவர்கள் சொன்னார்கள்.

உட்கட்டை மட்டும் தேய்ந்ததற்குக் காரணம் உண்டு. மிகப் பல கார்களில் காலிப்பர், கிரீஸ் தடவிய இரண்டு ஊசிகளின்மேல் முன்னும் பின்னும் நகரும். ‘ஸ்லைட் பின்’ எனப்படும் அவை வறண்டோ துருவேறியோ இறுகிவிட்டால் கவ்வி நகராது. உட்கட்டையே பெரும்பாடு படும். ஆதலால் சக்கரத்தின் இடைவெளி வழியே வெளிக்கட்டையை எட்டிப் பார்த்துவிட்டு, ‘இன்னும் நிறைய இருக்கிறது’ என்று ஒருவர் சொன்னால் அதை ஏற்க வேண்டாம். சக்கரத்தைக் கழற்றி இரண்டையும் பார்த்தாக வேண்டும்.

மூன்றாவது வகை, கட்டையில் கனம் போதிய அளவு இருந்தும், மிதிக்கும்போதெல்லாம் கீச்சிடுவது. வீட்டிலேயே ஸ்பானர் பிடித்துப் பழகியவர்கள் இதைத் தாமே சரிசெய்யலாம். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, மற்ற சக்கரங்களுக்கு அணை கொடுத்து, ஜாக்கியால் தூக்கிய பின் உறுதியான தாங்கியின்மேல் அமர்த்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பிக் கை நுழைப்பது தகாது. கட்டையின் முகம் கண்ணாடி போல் பளபளத்தால், அது நெடுஞ்சரிவில் ஓயாது பிரேக் மிதித்துச் சூடேறியதன் விளைவு. அப்பளபளப்பை உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்து எடுக்கலாம். கட்டையின் முதுகுக்கும் பிஸ்டனுக்கும் இடையே, துடிப்பை அடக்குவதற்கென்றே ஒரு மெல்லிய தகடு இருக்கும். விலை மலிவான கட்டைகளில் இது இராது; பழையதைக் கழற்றுகையில் தொலைத்துவிட்டவர்களும் உண்டு. ஓசைக்கு அதுவே காரணமாவது மிகச் சாதாரணம். ஊசிகளைத் துடைத்து, வெப்பம் தாங்கும் பிரேக் கிரீஸை அவற்றிலும், கட்டையின் முதுகிலும், அதன் காதுகள் அமரும் இடங்களிலும் மெல்லெனத் தடவ வேண்டும். டிஸ்க்கிலோ கட்டையின் முகத்திலோ கிரீஸும் எண்ணெயும் ஒரு துளியும் படலாகாது. கீச்சொலி அடங்கட்டும் என்று அங்கே எண்ணெய் விட்டவரை நாம் கண்டிருக்கிறோம். ஒலி அடங்கியது, பிரேக்கும் அடங்கியது. எண்ணெய் ஊறிய கட்டை திருந்தாது, மாற்றத்தான் வேண்டும். மாற்றும்போது ஒரு சக்கரத்துக்கு மட்டுமன்றி, அதே அச்சின் இரு சக்கரங்களுக்கும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

பின் சக்கரத்து டிரம்மில் ஓசை எழுந்தால், பெரும்பாலும் உள்ளே சேர்ந்த தூசிதான் காரணம். தில்லியிலும் ராஜஸ்தானத்திலும் உள்ளோர் இதை அடிக்கடி சந்திப்பர். டிரம்மைக் கழற்றிச் சுத்தம் செய்யும்போது காற்றடித்தோ வாயால் ஊதியோ தூசியைப் பறக்கவிடுதல் கூடாது. பழைய லைனிங்குகளில் கல்நார் கலந்திருக்கலாம், அதன் தூள் நுரையீரலுக்குப் பெருங்கேடு. ஈரத் துணியால் துடைத்தெடுப்பதே நலம்.

பிற மாநிலத்தில் வாழும் நமக்கு வேறோர் இடையூறும் உண்டு. ஒலியின் வேற்றுமையைக் காது அறிந்தாலும் வாய் சொல்லத் தடுமாறுகிறது. ‘பிரேக்கில் சத்தம்’ என்று மட்டும் சொன்னால் பட்டறைக்காரர் தமக்குத் தோன்றியதைச் செய்வார். இந்தி புழங்கும் ஊர்களில் இரண்டு வாக்கியங்களை மனத்தில் இருத்திக்கொள்ளலாம். மிதிக்கும்போது மட்டும் ஒலித்தால், ‘பிரேக் லகானே பர் ஆவாஜ் ஆதீ ஹை’. மிதிக்காமலே ஒலித்தால், ‘பினா பிரேக் லகாயே பீ ஆவாஜ் ஆதீ ஹை’. அவர் ‘கிஸ் கயா’ என்று தலையசைத்தால், தேய்ந்துவிட்டது என்று பொருள். கழற்றிய பழைய கட்டைகளைக் காட்டச் சொல்லி, நான்கையும் பக்கம் பக்கமாக வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் மிகத் தேய்ந்திருந்தால், ஊசிகளைக் கவனிக்கச் சொல்லாமல் வண்டியைத் திரும்பப் பெற வேண்டாம்.

புதுக் கட்டை போட்டபின், வண்டியை நகர்த்துவதற்கு முன்பே மிதியடியைப் பலமுறை அழுத்தி, அது கெட்டியாகும் வரை பார்க்க வேண்டும்; முதல் மிதிப்பு தரையைத் தொடுவது இயல்பு, அதைத் தெருவில் கண்டறிவது ஆபத்து. பின்னர் வெறிச்சோடிய சாலையில் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10 வரை, முழுதும் நிறுத்தாமல், மிதமாக அழுத்திப் பத்து முறை வேகம் தணித்து, இடையிடையே ஆறவிட்டு ஓட்டினால் கட்டையும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று படிந்துகொள்ளும். அதற்குப் பிறகும் ஓரிரு நூறு கிலோமீட்டர் வரை சிறு கீச்சொலி இருந்து மறைவதுண்டு.