ஷோகேஸில் இருக்கும் உங்கள் முகம் யாருக்குச் சொந்தம்?

பஸ் ஸ்டாண்டு பக்கம், இல்லாவிட்டால் கோயில் தெரு முனையில், ஊருக்கு ஒரு போட்டோ ஸ்டுடியோவாவது இருக்கும். வாசலில் கண்ணாடி ஷோகேஸ். உள்ளே கன்னத்தில் கைவைத்த கல்லூரிப் பெண், மொட்டை போட்டுக் காது குத்திய குழந்தை, மாலையும் கழுத்துமாக ஒரு புது ஜோடி. போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று, ‘இது நம்ம டீச்சர் பொண்ணுல்ல?’ என்று பேசிக்கொள்வார்கள். ஸ்டுடியோக்காரருக்கு அதைவிடப் பெரிய விளம்பரம் கிடையாது. படத்தில் இருப்பவரிடம் கேட்டுத்தான் மாட்டினாரா என்று யாரும் விசாரித்ததில்லை. ஷோகேஸில் இடம் கிடைத்ததே பெருமை.

இப்போது அந்த ஷோகேஸ் செல்போனுக்குள் வந்துவிட்டது. பேபி ஷூட், மெட்டர்னிட்டி ஷூட், முதல் பிறந்தநாள் என்று போர்ட்ரெய்ட் எடுப்பவர்கள் எல்லோருக்கும் வெப்சைட், இன்ஸ்டாகிராம் பக்கம், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ். வாரம் நாலு புதுப் படம் போடாவிட்டால் ‘இந்த ஸ்டுடியோ இன்னும் இருக்கா?’ என்று நினைத்துவிடுவார்கள். அந்தப் பசிக்கு இரை, வாடிக்கையாளரின் முகம்.

கண்ணாடி ஷோகேஸ் படத்தை ஒரு தெரு பார்க்கும். இரண்டு கோடையில் வெளுத்தும் போகும். இணையத்தில் போட்ட படம் வெளுக்காது. யார் எங்கே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறார்கள் என்றும் தெரியாது.

கிறிஸ்துமஸ் கார்டில் ஒரு முகம்

இந்தச் சண்டை புதிதல்ல. 1888-ல் இங்கிலாந்தில் ‘போலார்டு’ வழக்கு என்று ஒன்று நடந்தது. திருமதி போலார்டு காசு கொடுத்துத் தன்னைப் படம் எடுத்துக்கொண்டார். பிரதிகளும் வாங்கிப் போனார். பிறகு பார்த்தால், அவர் முகத்தைக் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையாக்கி அந்த ஸ்டுடியோ காட்சிக்கும் விற்பனைக்கும் வைத்திருக்கிறது. ‘நெகட்டிவ் எங்களுடையது, முகத்துக்கு ஒருவர் சொத்துரிமை கொண்டாட முடியாது’ என்பது ஸ்டுடியோ தரப்பு வாதம். நீதிபதி நார்த் ஏற்கவில்லை. அவருக்குப் பிரதி தருவதற்காகத்தான் காசு வாங்கினீர்கள். வேறு எதற்கும் அந்த நெகட்டிவைப் பயன்படுத்தக் கூடாது என்பது சொல்லாமலே அடங்கிய நிபந்தனை என்று தடை விதித்தார்.

அமெரிக்காவில் அபிகெய்ல் ராபர்சன் என்ற இளம்பெண்ணுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அவர் படத்தைக் கேட்காமலே ஒரு மாவு விளம்பரத்தில் போட்டு, சுமார் 25,000 பிரதிகள் அச்சடித்துக் கடைகளிலும் மதுக்கூடங்களிலும் ஒட்டினார்கள். தெரிந்தவர்களின் கேலி தாங்காமல் படுத்த படுக்கையானதாக அவர் நீதிமன்றத்தில் சொன்னார். 1902-ல் நியூயார்க் மாநில உயர்மட்ட நீதிமன்றம் 4-க்கு 3 என்ற கணக்கில் அவர் வழக்கைத் தள்ளிவிட்டது. மக்கள் கொதித்துப்போனதில் அடுத்த வருடமே சட்டம் வந்தது: விளம்பரத்துக்கோ வியாபாரத்துக்கோ ஒருவர் படத்தைப் பயன்படுத்த, எழுத்தில் சம்மதம் வேண்டும்.

அதே சட்டத்தில் பிற்பாடு ஸ்டுடியோக்காரர்களுக்கென்றே ஒரு சலுகை சேர்த்தார்கள். தன் கடையில் தன் வேலைக்கு மாதிரியாகப் படம் மாட்டிக்கொள்ளலாம். ஆனால் படத்தில் இருப்பவர் எழுதி மறுத்துவிட்டால் அதன் பிறகு வைத்திருக்கக் கூடாது. கடைக்காரரின் பிழைப்பையும் பார்த்து, படத்தில் இருப்பவரின் மானத்தையும் பார்த்த ஏற்பாடு.

இங்கே சட்டம் என்ன சொல்கிறது?

பல போட்டோகிராபர்களே அறியாத விஷயம் இது. ‘நான் எடுத்த படம், எனக்குத்தான் காப்புரிமை’ என்று நினைக்கிறார்கள். இந்தியக் காப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 17 வேறு மாதிரி சொல்கிறது. ஒருவர் கேட்டுக்கொண்டு, அதற்குப் பணமும் பெற்று எடுத்த படமானால், மாறான ஒப்பந்தம் இல்லாத வரை எடுக்கச் சொன்னவரே அதன் முதல் உரிமையாளர். அப்படியென்றால் ஒப்பந்தம் எதுவும் இல்லாமல் வாடிக்கையாளரின் படத்தைத் தன் பக்கத்தில் போடும் ஸ்டுடியோ, அடுத்தவர் சொத்தைத்தான் கடை பரப்புகிறது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கல்யாண ஆல்பத்தைப் பேசி முடித்துப் பணம் கட்டியவர் பெண்ணின் அப்பா என்றால், மணமகள் படத்தின் காப்புரிமை மணமகளுக்கு இல்லை, அப்பாவுக்கு! ஆனாலும் முகம் அவளுடையது. ஆகவே இருவரிடமும் கேட்பதுதான் முறை. ‘மாடலாக வாங்க, காசு வேண்டாம்’ என்று இலவசமாக எடுத்த படத்துக்குக் காப்புரிமை பெரும்பாலும் போட்டோகிராபருக்கே. அங்கேயும் சம்மதம் கேட்காமல் விடுவது சரியல்ல.

குழந்தைகள் விஷயம் இன்னும் கறார். 2023-ல் நிறைவேறி, படிப்படியாக நடைமுறைக்கு வரும் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாத எல்லோரையும் குழந்தை என்கிறது. அவர்களின் தரவைக் கையாள, சரிபார்க்கக்கூடிய விதத்தில் பெற்றோரின் சம்மதம் வேண்டும். சம்மதம் கொடுப்பது எவ்வளவு சுலபமோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு.

எப்போது கேட்பது?

ஆல்பம் கொடுக்கும் நாளில் அல்ல, அட்வான்ஸ் வாங்கும் நாளில். ஆல்பம் கைக்கு வரும் சந்தோஷத்தில் எதற்கும் தலையாட்டிவிடுவார்கள். ஒரு பக்கத் தமிழ்ப் படிவம் போதும். கடைச் சுவர், வெப்சைட், சமூக வலைதளம், கட்டண விளம்பரம் என்று தனித்தனிக் கட்டம். கடைச் சுவருக்குச் சரி என்றவர் விளம்பரத்துக்கு வேண்டாம் என்று சொல்லலாம் அல்லவா? படம் போடச் சம்மதித்தால் தள்ளுபடி தருவதில் தப்பில்லை, வெளிப்படையாகச் சொல்லிவிட்டால்.

குழந்தைப் படத்தோடு முழுப்பெயர், பிறந்த தேதி, பள்ளி, தெரு எதுவும் வேண்டாம். வீட்டுக்கே போய்ச் செல்போனில் எடுத்த படமென்றால் இன்னொரு கவனம் தேவை. லொகேஷன் ஆனில் இருந்தால், எடுத்த இடம் படத்தின் கோப்புக்குள்ளேயே பதிவாகிவிடும். சொந்த வெப்சைட்டில் ஏற்றும் முன் அதை நீக்கிவிட வேண்டும்.

‘எல்லோரும் வேண்டாம் என்றால் பக்கத்தில் எதைப் போடுவது?’ போட நிறைய இருக்கிறது. கைக்குழந்தையின் பாதம், பாட்டியின் வளையல் கை, ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்ததற்கும் பிளாஷில் எடுத்ததற்கும் உள்ள வித்தியாசம். எந்தப் பின்னணிக்கு எந்த நிறப் புடவை எடுக்கும், கேமராவைக் கண்டாலே அழும் குழந்தையை எப்படிச் சமாளிப்பது என்று நாலு வரி எழுதினாலே போதும். படம் எடுக்க வருகிறவர்கள் தெரிந்துகொள்ளத் துடிப்பது அதைத்தான். யாரோ ஒருவரின் நூறாவது பிறந்தநாள் கேக்கை அல்ல.

கேட்காமலே உங்கள் படத்தைப் போட்டுவிட்டார்களா? முதலில் ஸ்க்ரீன்ஷாட்டும் லிங்க்கும் எடுத்து வையுங்கள். ‘எடுத்துவிடுங்கள்’ என்று எழுத்தில் கேளுங்கள். போனில் பேசினாலும் பிறகு ஒரு மெசேஜ் அனுப்புங்கள். பல ஸ்டுடியோக்கள் அன்றைக்கே எடுத்துவிடும். எடுக்காவிட்டால் இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் போன்ற தளங்களிலேயே காப்புரிமைப் புகார்ப் படிவம் இருக்கிறது. படம் எடுக்கச் சொன்னதும் பணம் கட்டியதும் நீங்கள்தான், உரிமையை விட்டுக்கொடுத்து எங்கும் கையெழுத்துப் போடவில்லை என்றால், அந்தப் படிவத்தில் ‘உரிமையாளர்’ என்ற இடத்தில் உங்கள் பெயரையே எழுதலாம். ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள்.