சூடில்லாச் சுருளுக்கு 48 ரூபாய்

துணியில் தைத்த ஒரு நீளக் குழல். நீளம் 90 செ.மீ., குறுக்களவு 3 செ.மீ. தலைக்குக் குளித்து, முக்கால்வாசி காய்ந்த முடியை இரண்டு பக்கமும் இதில் சுற்றி, முனைகளைத் துணி பேண்டால் கட்டிக்கொண்டு படுத்தால் காலையில் சுருள் தயார். கடையில் இதற்கு ஹீட்லெஸ் கர்லர் என்று பெயர். குளியல் அங்கியின் இடுப்புக் கச்சையில் முடியைச் சுற்றும் வீடியோக்கள் 2020, 2021 வாக்கில் உலகெங்கும் பரவியபோது இதற்கும் சந்தை பிறந்தது.

2024-25இல் சுமார் 40,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்த திருப்பூரில், முடியோடு மல்லுக்கட்டிச் சலித்த ஒருவர் இதைத் தானே வடிவமைத்துத் தைத்தால் எவ்வளவு ஆகும்? கீழே வரும் சந்தை விலைகளும் கூலியும் தோராயமாக வைத்தவை. அவரவர் பில்லைப் பார்த்து மாற்றிக்கொள்ளலாம்.

மிச்சம் கரன்ட்டில் இல்லை

45 வாட் கர்லிங் ராடு 20 நிமிடம் ஓடினால் 0.015 யூனிட். வாரம் இரண்டு முறை என்றால் வருடத்துக்கு 104 முறை, 1.56 யூனிட். கரன்ட் பில்லைக் காட்டி இந்தப் பொருளை விற்க முடியாது. மிச்சமாவது முடிதான். ராடின் சூடு 150 முதல் 230 டிகிரி செல்சியஸ் வரை போகும். முடியின் கெரட்டின் புரதத்தில் உள்ள ஹைட்ரஜன் பிணைப்புகள் ஈரம் பட்டாலே அவிழும், காயும்போது அந்த வளைவிலேயே மறுபடி கட்டிக்கொள்ளும். அதற்குச் சூடு தேவையில்லை, நேரம் போதும். காற்றில் ஈரம் ஏறினால் சுருள் அவிழ்வதும் இதே காரணத்தால்தான்.

இதன் முதல் போட்டியாளர் இரவில் போட்டுக்கொள்ளும் இரட்டைப் பின்னல். செலவு 0 ரூபாய். ஆனால் பின்னல் தருவது நெளி; சுருளுக்குக் குழல் வேண்டும்.

உறைத் துணி

3 செ.மீ. குழலின் சுற்றளவு 9.4 செ.மீ. தையலுக்கும் தளர்வுக்கும் சேர்த்து 12 செ.மீ. அகலம், 94 செ.மீ. நீளம் வெட்ட வேண்டும். பரப்பு 0.1128 சதுர மீட்டர். 180 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 180 கிராம்) சிங்கிள் ஜெர்சியில் இது 20.3 கிராம்.

கிலோவுக்கு நூல் 280, நிட்டிங் 12, சாயம் 110, காம்பாக்டிங் 10 என்று வைத்தால் 412 ரூபாய். 8 சதவீத எடை இழப்போடு 448, முழுசாக 450. இதில் சாயக் கூலியைக் குறைக்க வழி தேடிப் பயனில்லை. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாத முறைக்கு மாறிய பிறகு, நொய்யல் ஆற்றைக் காக்கும் செலவும் அந்தக் கூலிக்குள்ளேயே வருகிறது.

ஒரு கிலோ துணி 5.56 சதுர மீட்டர். வெட்டுச் சேதம் 5 சதவீதம் போக 46 உறை. ஒன்றுக்கு 9.80 ரூபாய்.

கட்டிங் வேஸ்டில் தைத்தால் துணிக் காசு மிச்சம்தானே என்று தோன்றும். டி-ஷர்ட் வெட்டியதில் விழும் துண்டு 94 செ.மீ. நீளம் வராது. நான்கு துண்டை இணைத்தால் மூன்று ஒட்டுத் தையல். ஒவ்வொன்றிலும் முடி சிக்கும். அதனால் முனையில் கட்டும் பேண்டுக்கு மட்டும் வேஸ்ட் துணி சரி.

உள்ளே திணிப்பது

குழலின் கொள்ளளவு 636 கன செ.மீ. கிழித்த பனியன் வேஸ்டை ஒரு கன செ.மீ.க்கு 0.1 கிராம் என்று நெருக்கித் திணித்தால் 64 கிராம். பாலியெஸ்டர் பஞ்சை 0.02 கிராம் கணக்கில் திணித்தால் 13 கிராம். உறையோடு சேர்த்து முதலாவது 84 கிராம், இரண்டாவது 33 கிராம். இரவு முழுக்கத் தலையில் கிடக்கும் பொருளுக்கு இந்த வித்தியாசம் பெரிது.

இன்னொன்று, ஈரம். பருத்தி சாதாரணமாகவே தன் எடையில் 8.5 சதவீத ஈரத்தை வைத்துக்கொள்ளும், பாலியெஸ்டர் 0.4 சதவீதம்தான். பருத்தி அடைத்த குழல் முடியின் ஈரத்தைக் குடித்துவிட்டு விடிந்த பிறகும் காயாமல் கிடக்கும். வேஸ்ட் சும்மாவே கிடைத்தாலும் இங்கே கட்டுப்படியாகாது.

ஒரு பீஸின் அடக்கம் (ரூபாயில்)

உறைத் துணி: 9.80
இரண்டு பேண்டுக்குத் துணி (புதுத் துணியானால்), 11.5 கிராம்: 5.50
பஞ்சு, 13 கிராம்: 2.00
எலாஸ்டிக், 40 செ.மீ.: 1.20
தையல் நூல்: 0.40
குழல் தைத்து, திருப்பி, திணித்து மூடும் கூலி: 12.50
பேண்டு கூலி: 4.00
கவர், அட்டை: 6.00
வாடகை, செக்கிங், டேமேஜ், 15 சதவீதம்: 6.20
மொத்தம்: 47.60

நூல் வரியைக் கவனியுங்கள். குழலுக்கு மொத்தம் 118 செ.மீ. தையல்தான். மூன்று நூல் ஓவர்லாக்கில் தையல் நீளத்தைப்போல் 14 மடங்கு நூல் இறங்கும். 118 செ.மீ.க்கு 16.5 மீட்டர். கூலி வரி 8 மணி நேர ஷிப்டுக்கு 600 ரூபாய், அதாவது நிமிடத்துக்கு 1.25 என்ற கணக்கு. 6 நிமிட வேலை நடைமுறையில் 10 நிமிடம் பிடிக்கும். அதில் பெரும்பகுதியைத் தின்பது தைப்பதல்ல, குழலைத் திருப்புவதும் திணிப்பதும்.

கண்டுபிடிக்க ஆகும் செலவு

மூன்று கனம், மூன்று துணி, மூன்று திணிப்பு என்றால் 27 சாம்பிள். ஒன்றுக்கு 150 ரூபாய் வைத்தால் 4,050. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஓர் இரவு வேண்டும். நேர்முடி, நெளிமுடி, எண்ணெய் வைத்த முடி மூன்றிலும் பார்க்க 81 இரவு.

பொருளைவிட நேரமே அதிகம் செலவாகும் என்பது கொங்கு வட்டாரத்துக்குத் தெரிந்த பாடம். கோவை அருணாசலம் முருகானந்தம் 1998இல் மலிவான சானிட்டரி நாப்கின் முயற்சியைத் தொடங்கினார். உள்ளே இருப்பது பருத்திப் பஞ்சல்ல, மரக்கூழ் என்று தெரிந்துகொள்ளவே அவருக்கு 2 ஆண்டுக்கு மேல் ஆனது. சுமார் 3.5 கோடி ரூபாய் இயந்திரத்தின் வேலையைக் கடைசியில் 65,000 ரூபாய் அளவில் முடித்துக் காட்டினார். 2016இல் பத்மஸ்ரீ வந்தது.

பதிவுக் கட்டணம்

தனிநபர் ஒருவர் காப்புரிமைக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்க 1,600 ரூபாய், ஆய்வுக் கோரிக்கைக்கு 4,000. மூன்றாம் ஆண்டு முதல் இருபதாம் ஆண்டு வரை புதுப்பிக்க: 800 வீதம் 4 ஆண்டு, 2,400 வீதம் 4 ஆண்டு, 4,800 வீதம் 5 ஆண்டு, 8,000 வீதம் 5 ஆண்டு. கூட்டினால் 76,800. ஆக மொத்தம் 82,400. முகவர் கட்டணம் தனி. கந்தல் துணியில் முடி சுற்றுவது பழைய வழக்கம் என்பதால் காப்புரிமை கிடைப்பதே கடினம். தெரிந்த பொருள்களைச் சேர்த்து அடுக்கியதாக மட்டும் இருந்தால் சட்டத்தின் 3(எஃப்) பிரிவே தட்டிவிடும்.

தோற்றத்துக்கான டிசைன் பதிவு 1,000 ரூபாய், 10 ஆண்டு. மேலும் 5 ஆண்டுக்கு 2,000. பிராண்டு பெயருக்கான டிரேட்மார்க் ஒரு வகுப்புக்கு 4,500. ஒரு நிபந்தனை உண்டு: விண்ணப்பத்துக்கு முன்பே திருப்பூர் காதர்பேட்டைச் சந்தையில் விற்றாலோ வீடியோ போட்டாலோ டிசைன் புதியதல்ல என்றாகிவிடும்.

எத்தனை விற்க வேண்டும்

அடுத்தவர் பிராண்டுக்கு ஜாப் ஒர்க்காகத் தைத்துக் கொடுத்தால் 48 ரூபாய் அடக்கத்தில் 10 சதவீத லாபம், பீஸுக்கு 4.80. 1,000 பீஸுக்கு 4,800 ரூபாய், விற்காமல் தேங்கும் பயமில்லை.

சொந்தப் பெயரில் 199 ரூபாய்க்கு விற்று, வரி, கமிஷன், கூரியர், ரிட்டர்னுக்கு 110 போனால் கைக்கு 89. சாம்பிள் செலவு தவிர்த்துப் போட்ட முதல்: 1,000 பீஸுக்கு 48,000, டிசைனுக்கும் டிரேட்மார்க்குக்கும் 5,500, ஆக 53,500. 602ஆவது பீஸில் முதல் திரும்பும். 656ஆவது பீஸில் ஜாப் ஒர்க் லாபத்தைத் தாண்டும். ஆயிரமும் விற்றால் 35,500 மிஞ்சும். அதை ஜாப் ஒர்க்கில் எடுக்க ஏறக்குறைய 7,400 பீஸ் தைக்க வேண்டும்.

துணியில் அடித்துப் பிடித்தால் பீஸுக்கு 5 ரூபாய் குறையும். பெயரும் வடிவமும் நம்முடையதானால் பீஸுக்கு 30 ரூபாய் கூடும். முதல் சுற்றில் 1,000 வெட்டாமல் 300 வெட்டுவது நல்லது. அப்போது முதல் 19,900 ரூபாய், 224 பீஸ் விற்றால் திரும்பிவிடும்.