கடல்நாய்க் குட்டியின் குருதி கூறும் செய்தி

மருத்துவமனையில் கொழுப்பின் அளவை அறியக் குருதி கொடுக்கச் செல்வோரை, முதல்நாள் இரவிலிருந்து ஒன்றும் உண்ணாமல் வருமாறு கூறுவதுண்டு. காரணம் யாது? நாம் உண்ட உணவின் கொழுப்பு, குடலிலிருந்து நுண்ணிய துளிகளாகக் குருதியிற் கலந்து சில மணி நேரம் ஓடிக்கொண்டிருக்கும். நமக்கு இடையூறாகத் தோன்றும் இதுவே, கடல்நாய்க் குட்டிகளை ஆராய்வோருக்குப் பெருந்துணையாக அமைந்துள்ளது.

'சீல்' எனப்படும் கடல்நாய், பெயரில் நாயாயினும், மீனுண்டு வாழும் பாலூட்டி. அமெரிக்காவின் கலிபோர்னியாவிலுள்ள ஆன்யோ நுவேவோ கடற்கரையில், யானைக் கடல்நாய்கள் ஆண்டுதோறும் குளிர்காலத்தில் கரையேறிக் குட்டி ஈனுகின்றன. பிறந்த குட்டியின் எடை ஏறத்தாழ 40 கிலோ. தாய், இரை ஏதும் தேடாது, தன் உடற்கொழுப்பைக் கரைத்தே பாலூட்டுகிறது. பசும்பாலில் கொழுப்பு 4 விழுக்காட்டளவே. இத்தாயின் பாலிலோ இறுதி நாள்களில் பாதிக்கு மேல் கொழுப்பே. நெய்யைக் குடிப்பது போலத்தான்! நான்கே வாரங்களில் குட்டி மூன்று மடங்காகப் பெருத்துவிடுகிறது. அந்நாள்களில் அதன் குருதியைத் தெளியவைத்தால், மேலே நிற்கும் நீர் பால்போல் வெளுத்திருக்கும். குட்டி அண்மையிற் பால் குடித்தது என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

பின்னர் ஒருநாள் தாய் கடலுக்குத் திரும்பிவிடும். குட்டி, கரையிலேயே இரண்டு திங்களுக்கு மேல் ஒன்றும் உண்ணாது கிடக்கும்; இடையிடையே நீந்தவும் பழகும். இப்பொழுது குருதிநீர் தெளிந்துவிடுகிறது. ஆயினும் கொழுப்பு அறவே அற்றுப்போவதில்லை. தோலின்கீழ்ச் சேமித்த கொழுப்பு உடைந்து, தனிக் கொழுப்பு அமிலங்களாகக் குருதியில் ஓடி உடலுக்கு எரிபொருளாகிறது. ஆகவே, குருதியில் கொழுப்பு உண்டா என்று மட்டும் கேட்டல் போதாது. எவ்வகைக் கொழுப்பு என்றும் கேட்டல் வேண்டும். துளித்துளியான கொழுப்பு உணவின் வரவைக் காட்டும். தனி அமிலங்களின் பெருக்கம் சேமிப்பின் செலவைக் காட்டும். வரவுசெலவுக் கணக்கு எழுதும் இல்லத்தரசியருக்கு இது எளிதில் விளங்கும்.

சேமிப்பும் தீர்ந்தால் உடல் தன் தசையையே கரைக்கத் தொடங்கும். அப்பொழுது குருதியில் யூரியா உயரும். நோன்பிருக்கும் கொழுத்த குட்டியையும் பட்டினியால் மடியவிருக்கும் மெலிந்த குட்டியையும், எடையோடு இவற்றையும் சேர்த்து நோக்கியே பிரித்தறிகின்றனர்.

மற்றொரு வியப்பும் உண்டு. ஒவ்வொரு வகை மீனின் கொழுப்பிலும் அமிலங்களின் விகிதம் வேறுபடும். அவ்விகிதம், உண்ட விலங்கின் உடற்கொழுப்பிலும் பெருமளவு பதிகிறது. இதனைக் கொண்டு, கடல்நாய் எந்த மீனை எவ்வளவு உண்டது எனக் கணிக்கும் முறையைக் கனடாவின் டல்ஹௌசி பல்கலைக்கழகத்துச் சாரா ஐவர்சனும் குழுவினரும் 2004இல் வெளியிட்டனர்.

கலிபோர்னியாவின் சாசலிட்டோ நகரில் 1975இல் தோன்றிய கடற்பாலூட்டி மையத்திற்குத் தாயைப் பிரிந்த குட்டிகள் ஆண்டுதோறும் கொண்டுவரப்படுகின்றன. வந்தவுடன் எடை பார்த்துக் குருதி எடுக்கின்றனர். மிக மெலிந்த குட்டிக்கு எடுத்த எடுப்பில் மீன் கொடுப்பதில்லை. முதலில் உப்புநீர்மம், அது செரித்த பின்னரே, குழாய் வழியாக அரைத்த மீன் கூழ்.