தங்கக் கம்பியில் கட்டிய பூச்சி

குளிர்காலக் கடைசியில் ராஜஸ்தானிலோ ஹரியானாவிலோ கடுகு வயலில் இறங்கினால், பூங்கொத்துகளின் காம்பெல்லாம் சாம்பல் பச்சையாக மொய்த்துக் கிடக்கும். அசுவினி. இரண்டு மில்லிமீட்டர் பூச்சிதான். சாற்றை உறிஞ்சியே விளைச்சலைக் கவிழ்த்துவிடும். ஆனால் அது சாப்பிடுவதை வெளியிலிருந்து பார்க்க முடியாது. ஊசி போன்ற வாயுறுப்பு திசுவுக்குள் புதைந்திருக்கும்.

கலிஃபோர்னியாவில் மெக்லீனும் கின்ஸியும் 1964இல் குறுக்கு வழி ஒன்று கண்டார்கள்: பூச்சியையே மின்சுற்றின் ஒரு பகுதியாக்கிவிடுவது. 1978இல் நெதர்லாந்தின் ட்யாலிங்கி அதை நேர்மின்னோட்டத்துக்கு மாற்றி மெருகேற்றினார்.

வேலை தட்டான் பட்டறை வேலைதான். பூச்சியின் முதுகில் வெள்ளிப் பசை ஒரு துளி. அதில் தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பி. இன்னொரு மின்முனை தொட்டி மண்ணில். வாயூசி செடிக்குள் நுழைந்ததும் சுற்று பூர்த்தியாகிறது. திரையில் அலைகள் ஓடுகின்றன. திசுவைத் துளைத்துப் போகும்போது ஓர் அலை. சல்லடைக் குழாயில் உமிழ்நீரைச் செலுத்தும்போது வேறொன்று. சாறு குடிக்கும்போது மற்றொன்று. வழியில் ஒரு செல்லைக் குத்தினால் மின்னழுத்தம் சட்டென்று சரியும், சில விநாடிகளுக்கு.

அந்தச் சில விநாடிகளில்தான் வினை. பல வைரஸ்கள் செடிக்குச் செடி தொற்ற அந்த ஒரு குத்து போதும். மருந்தடித்த வயலிலும் நோய் பரவுவது இதனால்தான்: பூச்சி சாவதற்குள் காரியம் முடிந்துவிடுகிறது.

எதிர்ப்புத்திறன் கொண்ட ரகம் தேடுவோருக்கும் அலைகள் துப்புக் கொடுக்கும். சல்லடைக் குழாயை எட்டி, உமிழ்நீரும் விட்டு, குடிக்காமலே பூச்சி ஊசியை உருவிக்கொண்டால் தடை அந்தக் குழாயிலேயே இருக்கிறது என்று ஊகிக்கலாம். பயிரிடும் கடுகில் அசுவினிக்கு வலுவான எதிர்ப்பு அரிது; அதனால்தான் லூதியானாவின் பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகம் 'பிராசிகா ஃப்ரூட்டிகுலோசா' என்ற காட்டு உறவுச் செடியின் குணத்தைக் கடுகில் ஏற்ற முயன்றது.

இதைவிடப் பழைய உத்தி ஒன்றும் உண்டு. கொஞ்சம் குரூரமானது. 1953இல் கென்னடியும் மிட்லரும் வெளியிட்டது. குடித்துக்கொண்டிருக்கும் பூச்சியை மயக்கி, வாயூசியை மட்டும் செடியில் விட்டு வெட்டிவிடுவார்கள். சாறு மணிக்கணக்கில் தானாகவே கசியும். செடியின் உள்ளழுத்தமே அதைத் தள்ளுகிறது. பூச்சி பெரிதாக உறிஞ்ச வேண்டியதில்லை என்பது அப்படித்தான் தெரிந்தது.

கம்பியில் கட்டிய பூச்சி இயல்பாகச் சாப்பிடுமா என்ற சந்தேகம் நியாயமானதே. அதற்காகக் கட்டாத பூச்சிகளின் அடியில் வடிதாள் விரிப்பதும் உண்டு. பூச்சி கழிக்கும் தேன்துளிகள் அதில் விழும். நின்ஹைட்ரின் தெளித்தால் ஊதா நிறமாகத் தெரியும் அந்தப் புள்ளிகளை உட்கார்ந்து எண்ணுகிறார்கள்.